கிளட்ச் பிளேட் சீக்கிரம் தேயாமல் இருக்க: மதுரையில் புதிதாகக் கியர் வண்டி ஓட்டுபவர்களுக்கு

பட்டறையில் வண்டியை நிறுத்தி "இழுக்கவே மாட்டேங்குது" என்று சொன்னால், பெரும்பாலும் கையோடு வரும் பதில் "கிளட்ச் பிளேட் போயிருச்சு". சில சமயம் அது உண்மைதான். பல சமயம் கிளட்ச் ஒயர் இறுக்கமாக இருக்கும், ஊற்றிய ஆயில் தப்பாக இருக்கும், அல்லது கோளாறு கிளட்சிலேயே இருக்காது. ஒயரைச் சரிசெய்யப் பத்து நிமிடமும் ஒரு ஸ்பேனரும் போதும். பிளேட் மாற்ற ஆயில், கூலி எல்லாம் சேர்த்து இரண்டாயிரம் ரூபாய்க்கு மேலும் ஆகலாம். அதனால் பட்டறைக்குப் போகும் முன் நீங்களே பார்த்துவிட வேண்டியவற்றை முதலில் எழுதுகிறேன், பட்டறையில் கவனிக்க வேண்டியவற்றைப் பிறகு.

இது ஸ்பிளெண்டர், ஷைன், பல்சர், புல்லட் போலக் கையால் கிளட்ச் பிடிக்கும் கியர் வண்டிகளுக்கு மட்டும். ஸ்கூட்டியில் இருப்பது வேறு வகைக் கிளட்ச். அதற்கு இதில் எதுவும் பொருந்தாது.

1. தேய்மானம் எங்கே நடக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

எஞ்சினின் பக்க மூடிக்குள், ஆயிலில் நனைந்தபடி, இரண்டு வகைப் பிளேட்டுகள் மாறி மாறி அடுக்கப்பட்டிருக்கும். ஒன்று, மேலே உராய்வுப் பொருள் ஒட்டிய பிளேட். பழைய மெக்கானிக்குகள் இதைக் கார்க் பிளேட் என்பார்கள். இன்னொன்று வெறும் ஸ்டீல் பிளேட். ஸ்பிரிங்குகள் இந்த அடுக்கை அழுத்திப் பிடித்திருக்கும். லிவரை முழுக்க இழுத்தால் பிளேட்டுகள் விலகிவிடும். முழுக்க விட்டால் ஒன்றோடொன்று ஒட்டிச் சேர்ந்தே சுற்றும். இந்த இரண்டு நிலையிலும் தேய்மானம் இல்லை என்றே சொல்லலாம்.

இரண்டுக்கும் நடுவில், அதாவது ஆஃப் கிளட்சில், ஒரு பிளேட் வேகமாகவும் இன்னொன்று மெதுவாகவும் சுற்றி உரசும்போதுதான் சூடு ஏறுகிறது. அந்தச் சூட்டில்தான் பிளேட் கருகும், மேல்பரப்பு கண்ணாடி போல வழவழப்பாகும், ஸ்டீல் பிளேட் நீலம் பாய்ந்து வளையும். எத்தனை முறை கியர் மாற்றினீர்கள் என்பது பெரிய கணக்கில்லை. எவ்வளவு நேரம் ஆஃப் கிளட்சில் வைத்திருந்தீர்கள், அப்போது எவ்வளவு ரேஸ் கொடுத்தீர்கள் என்பதுதான் கணக்கு.

2. முதலில் லிவரில் லூஸ் இருக்கிறதா பாருங்கள்

கிளட்ச் லிவரின் நுனியை ஒரு விரலால் மெல்ல இழுங்கள். கொஞ்ச தூரம் எதுவும் தடுக்காமல் வரும், பிறகு ஸ்பிரிங்கின் கனம் கைக்குத் தெரியும். தடையில்லாமல் வந்த அந்தத் தூரம்தான் ஃப்ரீ பிளே, அதாவது லூஸ். பல 100, 125 சிசி வண்டிகளுக்கு லிவர் நுனியில் 10 முதல் 20 மி.மீ. என்று கையேட்டில் இருக்கும். சில கம்பெனிகள் லிவரின் அடிப்பகுதி இடைவெளியை 2, 3 மி.மீ. என்று குறிப்பிடும். எந்த இடத்தில் அளக்கச் சொல்லியிருக்கிறது என்று உங்கள் வண்டிக் கையேட்டைப் பார்த்துவிட்டு அளங்கள். இரண்டையும் குழப்பிக்கொண்டால் எல்லாமே தப்பாகும்.

லூஸே இல்லை என்றால், நீங்கள் லிவரைத் தொடாதபோதும் ஒயர் கிளட்சை லேசாக இழுத்துக்கொண்டே இருக்கிறது. ஸ்பிரிங்கின் முழு அழுத்தம் பிளேட்டில் விழாது. நாள் முழுக்க ஆஃப் கிளட்சில் ஓட்டுவதற்குச் சமம் இது. லூஸ் அதிகம் என்றால், லிவரை முழுக்க இழுத்தாலும் பிளேட் சரியாக விலகாது. கியர் கட கடவென்று விழும், சிக்னலில் நியூட்ரல் கிடைக்காது.

சரிசெய்யும் முறை:

எஞ்சின் ஆறிய பிறகு தொடங்குங்கள். லிவர் பக்கமுள்ள ரப்பர் மூடியைப் பின்னால் தள்ளி, பூட்டுச் சக்கரத்தைத் தளர்த்தி, அட்ஜஸ்டரை (ஒயரின் லூஸைக் கூட்டிக் குறைக்கும் திருகு) முக்கால்வாசி உள்ளே திருகிவிடுங்கள். பெரிய மாற்றத்தை எஞ்சின் பக்கம் செய்ய வேண்டும். அங்கே ஒயரின் உறையைத் தாங்கும் பிராக்கெட்டில் இரண்டு நட்டுகள் இருக்கும். ஒன்றைத் தளர்த்தி மற்றதைத் திருகி ஏறக்குறைய சரியான லூஸ் வந்ததும், இரண்டையும் இறுக்குங்கள். கடைசிச் சின்னத் திருத்தத்தை லிவர் பக்கம் செய்து பூட்டுச் சக்கரத்தை இறுக்குங்கள்.

முடிந்ததும் ஹேண்டில் பாரை இடது கடைசி வரையும் வலது கடைசி வரையும் திருப்பி இரண்டு பக்கத்திலும் லூஸைப் பாருங்கள். ஒரு பக்கம் திருப்பும்போது மட்டும் லூஸ் மறைந்தால், ஒயர் போகும் வழி தப்பு. ஹெட்லைட் மாற்றியவர், மொபைல் ஸ்டாண்டு வைத்தவர் யாராவது ஒயரை இடம் மாற்றிக் கட்டியிருப்பார்.

லிவர், அட்ஜஸ்டர், பூட்டுச் சக்கரம் மூன்றிலும் ஒயர் நுழைய ஒரு வெட்டு இருக்கும். மூன்று வெட்டும் ஒரே நேர்கோட்டில் நிற்கும்படி விட்டுவிடாதீர்கள். மழைத்தண்ணீர் உள்ளே இறங்கும், ஒயர் நழுவி வெளியே வரவும் செய்யும்.

இந்த லூஸ் எந்தப் பக்கம் மாறுகிறது என்பதைத்தான் பலரும் கவனிப்பதில்லை. பிளேட் தேயத் தேய, பெரும்பாலான ஒயர் கிளட்ச் வண்டிகளில் லூஸ் குறைந்துகொண்டே வரும். ஒயர் நீண்டால் லூஸ் கூடும். ஆகவே சரிசெய்த பிறகும் திரும்பத் திரும்ப லூஸ் குறைகிறது என்றால் உள்ளே பிளேட் மெலிகிறது. திரும்பத் திரும்பக் கூடுகிறது என்றால் ஒயரை மாற்றும் நேரம் வந்துவிட்டது. லிவர் பக்கத்து நிப்பிள் (ஒயர் நுனியில் உள்ள உலோகக் குமிழ்) அருகே ஒரு இழை பிரிந்து முள்ளாக நீட்டிக்கொண்டிருந்தாலும் உடனே மாற்றிவிடுங்கள். மிச்ச இழைகள் எந்தச் சிக்னலிலும் அறுந்து போகலாம். புது ஒயர் முதல் சில நாளில் கொஞ்சம் நீளும், ஒரு வாரத்தில் மறுபடி லூஸைப் பாருங்கள்.

3. கையையும் காலையும் பழக்குங்கள்

கிளம்பும்போது: லிவரை முழுக்க இழுத்து முதல் கியர் போடுங்கள். மெல்ல விட்டு வாருங்கள். ஓர் இடத்தில் வண்டி முன்னே போகத் துடிக்கும், எஞ்சின் சத்தம் கொஞ்சம் இறங்கும். பிளேட் பிடிக்கும் இடம் அது. அங்கே ஒரு நொடி நிறுத்தி, கொஞ்சமாக ஆக்ஸிலேட்டர் கொடுத்து, வண்டி இரண்டு மூன்று மீட்டர் உருண்டதும் லிவரை முழுவதும் விட்டுவிடுங்கள். வண்டி ஆஃப் ஆகிவிடுமோ என்ற பயத்தில் புதிதாக ஓட்டுபவர்கள் நிறைய ரேஸ் கொடுத்துக் கிளட்சை இழுத்து இழுத்து விடுவார்கள். பிளேட்டுக்கு இதைவிடக் கெடுதல் இல்லை. காலியான ஒரு திடலில் ஆக்ஸிலேட்டரைத் தொடாமல் கிளட்சை மட்டும் விட்டு வண்டியை நகர்த்திப் பழகுங்கள். பிடிக்கும் இடம் கைக்கு வசமாகிவிடும்.

இரண்டாவது கியரில் கிளம்பாதீர்கள். சக்கரமும் எஞ்சினும் ஒரே வேகத்துக்கு வர அதிக நேரம் பிடிக்கும், அவ்வளவு நேரமும் பிளேட் உரசும். பின்னால் சுமை இருந்தால் இன்னும் மோசம். உசிலம்பட்டிப் பக்கமிருந்து மல்லிகை மூட்டை கட்டிக்கொண்டு மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டுக்கு வருபவர்கள், பால் கேன் கட்டி ஓட்டுபவர்கள் எப்போதும் முதல் கியரிலேயே எடுக்க வேண்டும்.

ஓடும்போது: இடது கை விரல்களைக் கிளட்ச் லிவர் மேல் போட்டபடி ஓட்டாதீர்கள். விரலின் கனமே லூஸைத் தின்றுவிடும். சிம்மக்கல், விளக்குத்தூண், மாசி வீதிகள் போன்ற நெரிசலில் இந்தப் பழக்கம் தன்னை அறியாமல் வந்துவிடும். அங்கே ஆஃப் கிளட்சில் ஊர்ந்துகொண்டே இருப்பதைவிட, முன்னால் நாலடி இடம் விழும்வரை நின்று, பிறகு கிளட்சை முழுக்க விட்டு நகர்ந்து, மறுபடி நிற்பது நல்லது. பின்னால் ஹாரன் அடிப்பார்கள், அடிக்கட்டும். சித்திரைத் திருவிழா நாட்களில் கோரிப்பாளையம், தல்லாகுளம் பக்கம் வண்டியை எடுக்காமல் இருப்பதே கிளட்சுக்கும் உங்களுக்கும் நிம்மதி.

சிக்னலில்: பத்துப் பதினைந்து நொடிக்கு மேல் நிற்பதென்றால் நியூட்ரல். வண்டி முழுசாக நிற்கும் முன், மெல்ல உருளும்போதே நியூட்ரல் எளிதாக விழும். கியரில் போட்டு லிவரை முழுக்க இழுத்தபடி நிற்பதால் பிளேட் பெரிதாகத் தேயாது. ஆனால் உள்ளே பிளேட்டை விலக்க உதவும் ரிலீஸ் பேரிங்கும் ஒயரும் அவ்வளவு நேரமும் சுமையில் இருக்கும். சிவப்பு மாறுவதைப் பார்த்து லிவரை அரைகுறையாக விட்டுக் காத்திருப்பதுதான் பிளேட்டைத் தின்னும்.

மேட்டில்: காளவாசல், பழங்காநத்தம் மேம்பாலங்களின் ஏற்றத்தில் நெரிசல் நின்றால், வண்டி பின்னால் உருளாமல் பின் பிரேக்கால் பிடியுங்கள். ஆஃப் கிளட்சும் ரேஸுமாக அந்தரத்தில் நிறுத்திவைப்பது திறமை போலத் தோன்றும். வண்டியின் கனம் முழுவதும் உரசும் பிளேட்டில் விழுகிறது. கிளம்பும்போது கிளட்ச் பிடிக்கும் இடத்துக்கு வந்த பிறகு பிரேக்கை விடுங்கள்.

மலையில்: சிறுமலைக்கு 18 கொண்டை ஊசி வளைவுகள். வளைவுக்கு முன்பே கியரைக் குறைத்து, கிளட்சை முழுக்க விட்டுத் திரும்புங்கள். தப்பான கியரில் நுழைந்துவிட்டு வளைவுக்குள் ஆஃப் கிளட்சால் சமாளிப்பவர்கள் மேலே போய்ச் சேரும்போது கருகிய வாடை அடிக்கும். இறங்கும்போது கிளட்சைப் பிடித்து உருளவிடாதீர்கள். எஞ்சின் பிடிப்பு போய்விடும், முழு வேலையும் பிரேக்கின் தலையில் விழும்.

4. ஆயில்: இங்கே தப்பினால் மற்றதெல்லாம் வீண்

இந்தப் பிளேட்டுகள் எஞ்சின் ஆயிலிலேயே ஊறுகின்றன. அதனால் டின்னில் ஜாசோ (JASO, ஆயிலின் தரக் குறியீடு) எம்ஏ அல்லது எம்ஏ2 என்று அச்சிட்டிருக்கிறதா பாருங்கள். ஜாசோ எம்பி என்பது ஸ்கூட்டர் ஆயில். அதை ஊற்றினால் கிளட்ச் வழுக்கலாம். கார் ஆயில் பலவற்றில் உராய்வைக் குறைக்கும் சேர்மானம் இருக்கும். எஞ்சினுக்கு அது நல்லது, உங்கள் கிளட்சுக்கு ஆகாது. "இதுவும் நல்ல ஆயில்தான்" என்று கடைக்காரர் சொன்னாலும் வாங்காதீர்கள். ஆயிலில் கலக்கும் தனிச் சேர்மானப் புட்டிகளும் வேண்டாம்.

தடிமன் எண்ணைக் கையேட்டில் உள்ளபடியே வாங்குங்கள். ஹீரோ, ஹோண்டா வண்டிகள் பலவற்றுக்கு 10டபிள்யூ-30. வெயிலுக்குத் தடித்த ஆயில்தான் நல்லது என்று நீங்களாக மாற்ற வேண்டாம்.

அளவு பார்க்கும்போது: சென்டர் ஸ்டாண்டில், சமதரையில், மூன்று நிமிடம் ஓடவிட்டு நிறுத்தி, இரண்டு மூன்று நிமிடம் கழித்துப் பாருங்கள். ஹீரோ, ஹோண்டா வண்டிகளில் அளவுக் குச்சியைத் துடைத்துவிட்டு, மரையில் திருகாமல் சும்மா வைத்து எடுக்க வேண்டும். திருகிப் பார்த்தால் ஆயில் இருப்பதைவிட அதிகமாகக் காட்டும். ஆயில் குறைந்த எஞ்சினில் பிளேட்டின் சூட்டைக் கொண்டுபோக எதுவும் இல்லை. மதுரை மே மாத வெயிலில், நெரிசலில், இது வேகமாக வேலையைக் காட்டும்.

5. பிளேட் உண்மையிலேயே போய்விட்டதா? மூன்று சோதனைகள்

எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு, லூஸ் சரியாக இருப்பதை உறுதிசெய்துகொண்டு பாருங்கள்.

வழுக்கல்: விடிகாலையில் ரிங் ரோட்டில் ஆள் நடமாட்டமில்லாத நேரான இடத்தில், டாப் கியரில் மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் போகும்போது ஆக்ஸிலேட்டரை முழுக்க முறுக்குங்கள். எஞ்சின் சத்தமும் வேகமும் சேர்ந்து ஏறினால் கிளட்ச் நன்றாக இருக்கிறது. சத்தம் மட்டும் எகிறி, முள் அப்படியே நின்றால் வழுக்குகிறது. சத்தமும் ஏறவில்லை, வேகமும் ஏறவில்லை என்றால் கோளாறு கிளட்சில் இல்லை. ஏர் ஃபில்டர், பிரேக் பிடிப்பு, செயின் இறுக்கம், எஞ்சின் ஆகியவற்றைப் பாருங்கள். இந்த ஒரு வித்தியாசம் தெரியாமல் நல்ல பிளேட்டைக் கழற்றிப் போட்டவர்கள் நிறைய.

பின் பிரேக்கை அழுத்திப் பிடித்துக்கொண்டு, முதல் கியரில், ஐடிலில் கிளட்சை மெல்ல விடுங்கள். எஞ்சின் நின்றுபோக வேண்டும். நிற்காமல் ஓடிக்கொண்டே இருந்தால் பிளேட் மோசம். ஒரு முறை செய்தால் போதும், திரும்பத் திரும்பச் செய்து நீங்களே பிளேட்டைக் கருக்கிவிடாதீர்கள்.

விலகாமை: லிவரை முழுக்க இழுத்து முதல் கியர் போட்டதும் வண்டி தானாக ஊர்ந்தால் பிளேட் விலகவில்லை. சென்டர் ஸ்டாண்டில் வைத்துப் பார்க்கும்போது பின் சக்கரம் சுற்றுவதைக் கண்டு பயப்பட வேண்டாம். ஆயிலின் ஒட்டலில் அப்படிச் சுற்றும். பிரேக் மிதியை லேசாகத் தொட்டதும் நின்றால் சரிதான்.

6. பட்டறைக்குப் போகும் முன்: காகிதம், செலவு, நேரம்

ஆர்.சி. நகலைக் கையில் வையுங்கள். தயாரித்த மாதமும் சேசிஸ் எண்ணும் உதிரிபாகம் வாங்கத் தேவைப்படும். பெயர் ஒன்றாகவே இருந்தாலும் பிஎஸ்4, பிஎஸ்6 என்ற புகை விதிகளின்படி வந்த வண்டிகளுக்கிடையே பாகங்கள் மாறலாம். சர்வீஸ் புத்தகமும் கொண்டுபோங்கள். கிளட்ச் பிளேட்டைத் தேயும் பாகம் என்றே கம்பெனிகள் கணக்கில் வைப்பதால், வாரண்டியில் பொதுவாகக் கிடைக்காது. இன்ஷூரன்ஸிலும் சாதாரணத் தேய்மானத்துக்கு இடமில்லை.

செலவு தோராயமாக, 100–125 சிசி வண்டிக்கு: ஒயர் 150 முதல் 350 ரூபாய். பிளேட் செட் 500 முதல் 1,200. கேஸ்கெட் (மூடியில் ஆயில் கசியாமல் வைக்கும் தாள்) 50 முதல் 150. ஆயில் லிட்டர் 350 முதல் 500. தெருப் பட்டறையில் கூலி 400 முதல் 800. 150 சிசிக்கு மேல் பிளேட் செட்டே ஆயிரத்தைத் தாண்டும். பாக்கெட்டில் உள்ள எம்ஆர்பியில் வரியும் அடக்கம். அதற்கு மேல் ஜிஎஸ்டி என்று தனியாகக் கேட்டால் கொடுக்க வேண்டியதில்லை. கூலிக்கு ஜிஎஸ்டி போடுவது வேறு விஷயம், பதிவுபெற்ற சர்வீஸ் சென்டர்களில் அது உண்டு.

வேலை இரண்டு மூன்று மணி நேரம். ஆனால் புதுப் பிளேட் ஆயிலில் ஊற வேண்டும். முந்தின நாளே பிளேட்டை வாங்கி, ஊற்றப்போகும் அதே ஆயிலில் இரவு முழுக்கப் போட்டு வைத்தால் நல்லது. காய்ந்த பிளேட்டைப் பூட்டினால் முதல் ஓட்டத்திலேயே கருகலாம். வாரநாள் காலையில் எஞ்சின் ஆறிய வண்டியாகக் கொண்டுபோங்கள். ஆயுத பூஜைக்கு முந்தின வாரம் வேண்டாம், எல்லாப் பட்டறையிலும் வண்டி வரிசை கட்டி நிற்கும், அவசரத்தில் ஊறவைக்கும் வேலைதான் முதலில் விடுபடும்.

7. மூடியைக் கழற்றும்போது பக்கத்திலேயே நில்லுங்கள்

பிளேட்டை எடுத்ததும் அதன் தடிமனை வெர்னியர் அளவுகோலில் அளக்கச் சொல்லுங்கள். சிறிய வண்டிகளில் உராய்வுப் பிளேட் புதிதில் 3 மி.மீ. அளவில் இருக்கும். சில பத்தில் ஒரு மி.மீ. தேய்ந்தாலே கழிக்க வேண்டியதுதான். சரியான எல்லை உங்கள் வண்டியின் சர்வீஸ் மேனுவலில் இருக்கும். தடிமன் இருந்தும் மேலே கறுத்துக் கண்ணாடி போல மின்னினால் அதுவும் கழிவுதான். உப்புத்தாளில் தேய்த்துப் போடலாம் என்பார்கள், கொஞ்ச நாள் ஓடும், பிறகு இதே கூலியை மறுபடி கொடுப்பீர்கள்.

ஸ்டீல் பிளேட்டைக் கண்ணாடிப் பலகை மேல் வைத்து, அடியில் ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) நுழைகிறதா பாருங்கள். வளைந்திருந்தாலோ நீலம் பாய்ந்திருந்தாலோ மாற்றுங்கள். உராய்வுப் பிளேட்டை மட்டும் மாற்றி, வளைந்த ஸ்டீல் பிளேட்டையும் தளர்ந்த ஸ்பிரிங்கையும் அப்படியே பூட்டுவதுதான் நான் பார்த்தவரை அதிகம் நடக்கும் தப்பு. ஸ்பிரிங்குகள் எல்லாவற்றையும் சேர்த்தே மாற்ற வேண்டும், ஒன்று இரண்டு மட்டும் கூடாது.

பிளேட்டுகள் உட்காரும் கிண்ணமான கிளட்ச் பெல்லின் காடிகளில் விரலை ஓட்டிப் பாருங்கள். பிளேட்டின் விளிம்பில் நீட்டியிருக்கும் காது இடித்து இடித்துப் படிக்கட்டு போலப் பள்ளம் விழுந்திருந்தால், புதுப் பிளேட்டும் அதில் சிக்கி விலகாது. லேசான பள்ளத்தை அரத்தால் நிரவலாம், ஆழமானால் பெல்லை மாற்ற வேண்டும். ஸ்பிளெண்டர் வகை எஞ்சின்களில் அதே மூடிக்குள் ஆயிலைச் சுழற்றி அழுக்குப் பிரிக்கும் வட்டமான ஃபில்டர் இருக்கும். மூடி கழன்ற நேரத்திலேயே அதையும் துடைத்துவிடச் சொல்லுங்கள், தனிக் கூலி இல்லை.

பூட்டும்போது கவனிக்க மூன்று. ஸ்பிரிங் போல்ட்டுகளைக் குறுக்கு நெடுக்காக, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்க வேண்டும். ஒரே போல்ட்டை முதலிலேயே முறுக்கினால் அது ஏறும் அலுமினியக் கால் உடையலாம். பழைய கேஸ்கெட்டுக்குப் பதில் பேஸ்ட்டை அப்பி மூடினால், பிதுங்கி உள்ளே விழும் துணுக்கு ஆயில் துளையை அடைக்கும். புது கேஸ்கெட் கேளுங்கள். கழற்றிய பழைய பிளேட்டுகளையும் ஸ்பிரிங்குகளையும் கையோடு வாங்கிக்கொள்ளுங்கள், பில்லில் பாகத்தின் எண்ணோடு எழுதச் சொல்லுங்கள்.

8. பூட்டிய பிறகு முதல் 500 கி.மீ.

முதல் 500 கி.மீ. வரை சுமை ஏற்றாதீர்கள், சிக்னலில் சீறிக் கிளம்பாதீர்கள். 200 கி.மீ. ஆனதும் லூஸைப் பாருங்கள், பிளேட் படியும்போது அது மாறும். முதல் நாளே வழுக்கினால் ஒயர் இறுக்கம் அல்லது தப்பான ஆயில். அவை சரியென்றால் ஸ்பிரிங் வேறு வண்டியுடையதாக இருக்கலாம். முதல் நாளே விலகாமல் இழுத்தால் பிளேட் எண்ணிக்கை கூடியிருக்கலாம், வரிசை மாறியிருக்கலாம், அல்லது ஸ்டீல் பிளேட்டில் வளைவு இருக்கலாம். இரண்டு நிலையிலும் ஓட்டிப் பார்ப்போம் என்று விடாமல், பில்லோடு அன்றைக்கே அதே பட்டறைக்குத் திரும்பக் கொண்டுபோங்கள்.